எனக்கு என்ன வரம் இருக்கு? கண்டுபிடிச்சு ஊழியத்துல எறங்குறது எப்படி

சபையில ஊழியம்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு மைக்தான் ஞாபகம் வருது. பிரசங்கம் பண்றவங்க, ஆராதனை நடத்துறவங்க, கீபோர்டு வாசிக்கிறவங்க, இவங்கதான் ஊழியக்காரங்க, மத்தவங்கள்லாம் வந்து உக்காந்து காணிக்கை போட்டுட்டு வீட்டுக்குப் போறவங்கன்னு ஒரு நெனப்பு. மாயவரம் பக்கம் ஆகட்டும் மன்னார்குடி பக்கம் ஆகட்டும், ஒரு சின்ன கிராமத்து சபைக்குப் போய்ப் பாருங்க, வேலை எல்லாத்தையும் அஞ்சாறு பேர்தான் இழுத்துப் போட்டு செஞ்சிட்டு இருப்பாங்க, பண்டிகை முடிஞ்சா அவங்களும் ஓஞ்சு போயிருவாங்க. மத்தவங்ககிட்ட கேட்டா "எனக்கு என்னங்க வரம் இருக்கு, நம்மளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ம்பாங்க. அப்படிச் சொல்றவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா ஒண்ணும் இல்லாத விசுவாசின்னு வேதத்துல யாரும் கிடையாது. 1 பேதுரு 4:10 எடுத்துப் பாருங்க, அவனவன் பெற்ற வரத்தின்படி ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்யச் சொல்லுது. பாதிப்பேருக்கு மட்டும் குடுத்திருக்குன்னு அதுல இல்ல.

மொதல்ல திறமையா வரமாங்கிற கேள்விய முடிச்சிடுவோம், இதுல மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா நிக்கிறவங்க இருக்காங்க. ரோமர் 12ல ஏழு வரம் வருது, தீர்க்கதரிசனம், ஊழியம், போதிக்கிறது, புத்தி சொல்றது, பகிர்ந்து குடுக்கிறது, முன்ன நின்னு நடத்துறது, இரக்கம் காட்டுறது. 1 கொரிந்தியர் 12ல மொதல்ல ஒம்பது வருது, அதே அதிகாரம் கடைசியில உதவி செய்யுற ஊழியம், ஆளுகைன்னு புதுசா சேருது. எபேசியர் 4ல வேற மாதிரி வருது. ஒரு பட்டியல் மாதிரி இன்னொண்ணு இல்ல, அதனால இதுதான் மொத்தமும்னு யாரும் கணக்கு முடிக்க முடியாது. யாத்திராகமம் 31க்குப் போனீங்கன்னா, தேவ ஆவியினால நிரப்பினேன்னு கர்த்தர் சொல்றது பெசலெயேலப் பத்தி. அவர் என்ன பிரசங்கியா? பொன்னு, வெள்ளி, வெண்கலம், கல்லு பதிக்கிறது, மரத்துல சித்திர வேலை, இதுதான் அவர் தொழில். கூட அகோலியாப்னு ஒருத்தர். 35ஆம் அதிகாரத்துல இன்னொண்ணும் சேர்த்து சொல்லியிருக்கு, மத்தவங்களுக்குக் கத்துக்குடுக்கிற மனசையும் ரெண்டு பேருக்கும் கர்த்தர் குடுத்தாருன்னு. ஆக, கையில உள்ள தொழிலும் அவர் குடுத்ததுதான், ஜெபத்துல கிடைச்சதும் அவர் குடுத்ததுதான். நடுவுல கோடு கிழிச்சிட்டு உக்காந்திருக்க வேணாம். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், இதனால பக்கத்துல இருக்கிறவங்க விசுவாசத்துல கட்டியெழுப்பப்படுறாங்களா இல்லையா.

நம்ம மண்ணுலயே பாருங்களேன். 1706 ஜூலை 9ல ஜெர்மன் மிஷனெரிங்க சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில வந்து எறங்குனாங்க. சீகன்பால்குக்கு பாஷை படிக்கிற திறமை இருந்துச்சு, பசங்களோட உக்காந்து மணல்ல எழுதித் தமிழ் கத்துக்கிட்டாரு, சரி. ஆனா 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி முடிஞ்சதுக்கு அவர் ஒருத்தர் போதுமா? எழுத்து வார்க்கிறவர் வேணும், அச்சுக் கோக்கிறவர் வேணும், மெஷின் ஓட்டுறவர் வேணும், காகிதம் வேணும், அச்சுக்கூடத்துக்குக் காகிதம் வேணும்னு பொறையாறுல ஆலையே போட்டாங்க. பிரசங்கம் பண்ணத் தெரியாத எத்தனையோ கை அந்தப் புத்தகத்துல இருக்கு, அதுல பல பேரோட பேர் கூட நமக்குத் தெரியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது. நெட்ல வரம் கண்டுபிடிக்கிற கேள்வித்தாள் நெறைய கிடைக்குது, டிக் பண்ணா மார்க் போட்டு சொல்லும். பண்ணிப் பாக்கிறதுல தப்பில்ல, ஆனா அதை வச்சு முடிவு பண்ணாதீங்கங்கிறது என் கருத்து, ஏன்னா உங்களுக்கு எது பிடிக்கும்னுதான் அது கேக்கும், உங்களால யாருக்கு என்ன பிரயோஜனம் ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்குப் பதிலா ஒரு நோட்டு எடுங்க. நாலு வாரம், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், இன்னைக்கு சபையில எது உங்க கண்ணுல பட்டுச்சு, எது மனசை உறுத்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. ஒருத்தருக்கு ஸ்பீக்கர்ல வர்ற இரைச்சல்தான் உறுத்தும். இன்னொருத்தருக்குப் புதுசா வந்த குடும்பம் கடைசி பெஞ்சுல தனியா உக்காந்து யாரும் பேசாம கெளம்பிப் போனது. ஒரு அக்காவுக்கு சண்டே ஸ்கூல் பசங்க கதை கேக்காம ஓடுனது, ஒரு பெரியவருக்குக் காணிக்கைய எண்ணும்போது ஒரே ஆள் எண்ணுனது. ஒரே ஆராதனை, ஆனா ஆளுக்கு ஒண்ணு கண்ணுல படுது. நாலு வாரமும் ஒரே மாதிரி விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா அதக் கவனிங்க, நீங்க கொறை சொல்லிட்டு இருக்கிற எடத்துலதான் பல நேரம் உங்க வேலை காத்திருக்கும்.

அடுத்து மூணு பேர்கிட்ட கேளுங்க. உங்க பாஸ்டர் இல்லன்னா உபதேசியார் ஒருத்தர், உங்க வீட்டு ஆள் ஒருத்தர், நீங்க எப்பவாச்சும் உதவி பண்ண ஒருத்தர். கேக்குற விதம் முக்கியம். "எனக்கு என்ன வரம் இருக்கு"ன்னு கேட்டா சங்கடப்பட்டு "எல்லாமே நல்லா பண்றீங்க தம்பி"ன்னு சொல்லிருவாங்க, அதனால ஒரு புண்ணியமும் இல்ல. "நான் என்ன செஞ்சப்ப உங்களுக்கு நெஜமாவே உதவியா இருந்துச்சு"ன்னு கேளுங்க. பதில் நீங்க எதிர்பாக்காத எடத்துலருந்து வரும். பாட்டு பாடுறதுதான் நம்ம வரம்னு நெனச்சிட்டு இருப்பீங்க, அவங்க "எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராத்திரி வந்து கூட உக்காந்திருந்தியே"ம்பாங்க. வீட்டு ஆள் சொல்றத ரெண்டு மடங்கு மதிங்க, சபையில சிரிச்ச முகமா இருக்கிற நாம வீட்ல எப்படின்னு அவங்களுக்குத்தான் தெரியும், அன்பு இல்லாத வரம் சத்தமிடுற வெண்கலம்னு 1 கொரிந்தியர் 13 சொல்றது மொதல்ல கேக்குறது வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான்.

அப்புறம் எறங்கிப் பாருங்க, கெடு வச்சு எறங்குங்க. நம்ம ஊர்ல இதுக்கு நல்ல வசதி இருக்கு, சபை வருஷத்துல அப்பப்ப வர்ற வேலைங்க. மே மாசம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வருது, பத்து நாள்ல பசங்களோட ஒத்துவருமா வராதான்னு தெரிஞ்சிரும். அறுப்பின் பண்டிகை வருது, பந்தல், சாப்பாடு, ஏலம், வரவு செலவுன்னு எல்லாத்துக்கும் ஆள் வேணும். டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ். லெந்து காலத்துல வீட்டு ஜெபக்கூட்டம். இதுல ஒண்ண எடுத்துக்கிட்டு "பாஸ்டர் ஐயா, இந்தப் பண்டிகை வரைக்கும் இத நான் பாத்துக்கிறேன், முடிஞ்சதும் நீங்களே சொல்லுங்க, தொடரலாமா வேணாமான்னு" அப்படின்னு வெளிப்படையா சொல்லிட்டுத் தொடங்குங்க. கெடு இல்லாமப் போனா ஒத்துவராதவங்களும் வெக்கத்துல விடமாட்டாங்க, பாஸ்டரும் மனசு நோகுமேன்னு சொல்லமாட்டாரு, பத்து வருஷம் அப்படியே ஓடும், சண்டே ஸ்கூல் பசங்கதான் பாவம்.

கெடு முடிஞ்சதும் மூணு விஷயம் பாருங்க. வேலை முடிஞ்சு களைப்பா இருந்தாலும் உள்ள சந்தோஷம் இருந்துச்சா. நீங்க போகாத அன்னைக்கு யாராவது தேடுனாங்களா. கூட வேலை செஞ்சவங்க அடுத்த தடவையும் உங்களோட சேர்ந்து செய்யத் தயாரா இருக்காங்களா. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, நல்லா பாடுவாரு ஆனா கூடப் பாட ஒருத்தரும் வரமாட்டாங்கன்னா அங்க இன்னும் சரிபண்ண வேண்டியது இருக்கு.

கைத்தொழில் உள்ளவங்களுக்கு இப்ப கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா இவங்கதான் "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு முதல்ல சொல்றவங்க. எலக்ட்ரிஷியன், பிளம்பர், டெய்லர், சமையல் மாஸ்டர், கொத்தனார், பம்புசெட் மெக்கானிக். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரையிலயும், 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் வேதாரண்யம் பக்கத்துலயும் என்ன தேவைப்பட்டுச்சுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். பெரிய அண்டாவுல கஞ்சி காய்ச்சத் தெரிஞ்சவங்க, விழுந்த மரத்த அறுக்கத் தெரிஞ்சவங்க, ஜெனரேட்டர் ஓடவைக்கத் தெரிஞ்சவங்க, அழுதிட்டு இருக்கிற ஒரு அம்மா பக்கத்துல ஒண்ணும் பேசாம உக்காரத் தெரிஞ்சவங்க. யோப்பா பட்டணத்துல தொற்காள் செத்தப்ப விதவைங்கள்லாம் பேதுருகிட்ட அழுதுகிட்டே எதைக் காட்டுனாங்க? அவ தச்சுக் குடுத்த அங்கிங்களையும் வஸ்திரங்களையும்தான் (அப்போஸ்தலர் 9). பவுலே கூடாரம் பண்ற தொழில் தெரிஞ்சவர், கொரிந்துவுல ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோட சேர்ந்து அதையே செஞ்சாரு.

அதனால உங்க தொழில்ல மாசத்துக்கு அரை நாள் ஒதுக்குங்க. சபைக் கட்டடத்துக்கு மட்டும் இல்ல, தனியா இருக்கிற வயசானவங்க வீட்டு ஃபேன், ஒழுகுற ஓடு, உடைஞ்ச கொழாய். மொபைல் நல்லா பாக்கத் தெரிஞ்ச வாலிபப் பசங்களுக்கு டெல்டாவுல தலைக்கு மேல வேலை இருக்கு. பயிர்க் காப்பீடு பதியணும், சிட்டா அடங்கல் எடுக்கணும், முதியோர் பென்ஷன் நின்னு போச்சுன்னா ஏன்னு பாக்கணும், ஆதார்ல போன் நம்பர் மாத்த எங்க போகணும்னு சொல்லணும், கொள்முதல் நிலையத்துல நெல்லு போடப் பதியணும். சம்பா நட்டு முடிச்ச சமயத்துல ஒரு சனிக்கிழமை சபை வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டு உக்காருங்க, ஊர்ல யாருக்கு வேணும்னாலும். இதுல ஒரு கண்டிப்பு வேணும், வர்றவங்க எந்த சாமி கும்பிடுறாங்கன்னு கேக்கக் கூடாது, படிவம் நிரப்பிக் குடுத்துட்டு "அப்ப ஞாயித்துக்கிழமை வந்துருங்க"ன்னு இழுக்கவும் கூடாது. உதவின்னா உதவி, தூண்டில் இல்ல. அவங்களா ஏன் இதெல்லாம் செய்றீங்கன்னு கேட்டா அப்ப தாராளமா சொல்லுங்க.

தொழிலும் பக்தியும் எப்படிச் சேர்ந்து போகும்னு பாக்கணும்னா தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரப் (1859–1919) பாருங்க. பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர், சித்த மருத்துவம் பண்ணாரு, தோட்டம் போட்டாரு, இசையில ஆராய்ச்சி பண்ணி 1912லருந்து தஞ்சாவூர்ல சங்கீத மாநாடு நடத்துனாரு, கீர்த்தனை எழுதுனாரு. வைத்தியத்துல வந்த காசு இசை வேலைக்குப் போச்சு. இது உலக வேலை இது ஆவிக்குரிய வேலைன்னு அவர் பிரிச்சு வச்ச மாதிரி எனக்குத் தெரியல.

காசு விஷயத்துக்கு வருவோம், இதுவும் வரம்தான். கணக்கு எழுதத் தெரிஞ்ச, நேர்மையான ஆள் ஒரு சபைக்கு எவ்வளவு பெரிய ஆசீர்வாதம்னு கணக்குல சண்டை வந்த சபைக்குத்தான் தெரியும். 1780கள்ல ஹைதர் அலி படையெடுப்புக்கு அப்புறம் தஞ்சாவூர்ல பஞ்சம் வந்தப்ப, நெல்லு குடுத்தா காசு வரும்னு அரண்மனை சொன்னதையும் நம்பல, கும்பெனிக்காரங்க சொன்னதையும் ஜனங்க நம்பல, மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் சொன்னத நம்பித்தான் நெல்லும் மாடும் குடுத்தாங்க. அந்த நம்பிக்கை ஒரு நாள்ல வந்தது இல்ல. உங்களுக்குக் கணக்குல கை ஓடும்னா பொருளாளர் வேலைக்குத் தயங்காதீங்க, ஆனா சில வழக்கத்த முதல் நாளே வச்சிருங்க. காணிக்கைய ரெண்டு பேராவது சேர்ந்து எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், பணம் அடுத்த நாளே பேங்க்ல கட்டணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா வரவு செலவு நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். 2 கொரிந்தியர் 8ல பவுல் தர்மப்பணத்த எடுத்துட்டு வர தீத்துவை மட்டும் அனுப்பல, கூட வேற சகோதரர்களையும் அனுப்புறாரு, ஒருத்தரும் கொறை சொல்ல எடம் குடுக்கக் கூடாதுன்னு. பவுலுக்கே அது தேவைப்பட்டுச்சுன்னா நமக்கு எம்மாத்திரம்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்குற வரம். லுத்தரன் சபை, சி.எஸ்.ஐ., கத்தோலிக்க சபை, பெந்தெகொஸ்தே சபை எல்லாம் இதுல வேற வேற மாதிரி போதிக்கிறாங்க, நீங்க இருக்கிற சபையோட ஒழுங்குக்கு அடங்கி நடங்க. ஆனா எங்க இருந்தாலும் 1 கொரிந்தியர் 14 பொருந்தும். பாஷை பேசுறதுன்னா ரெண்டு பேர், மிஞ்சிப் போனா மூணு பேர், ஒருத்தர் பின்னால ஒருத்தர், அர்த்தம் சொல்ல ஆள் இல்லன்னா சபையில அமைதியா இருக்கணும். தீர்க்கதரிசனம் சொன்னா மத்தவங்க நிதானிக்கணும், நிதானிக்க விடாம "கர்த்தர் சொன்னாரு, கேள்வி கேக்காத"ன்னு சொல்றவங்ககிட்டருந்து தள்ளியே இருங்க. யாரு யாரக் கட்டணும், எந்த நெலத்த விக்கணும்னு தீர்க்கதரிசனம் வந்தா இன்னும் ஜாக்கிரதை. வியாதிக்காரங்களுக்காக ஜெபிக்கிற பாரம் உங்களுக்கு இருந்தா தாராளமா ஜெபிங்க, கை வச்சு ஜெபிங்க, வீட்டுக்குப் போய் ஜெபிங்க, ஆனா மாத்திரைய நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லாதீங்க. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நிறுத்தச் சொல்ற அதிகாரம் உங்களுக்கு இல்ல. பவுல் கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர், துரோப்பீமுவ மிலேத்துவுல வியாதியோடதான் விட்டுட்டு வந்தேன்னு பவுலே எழுதியிருக்காரு. ஜெபிச்சிட்டு அவங்கள தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வண்டி ஏற்பாடு பண்ணுங்க, அதுவும் அதே ஊழியம்தான்.

எறங்கினதுக்கு அப்புறம் கத்துக்கிறத விட்டுறாதீங்க. தீமோத்தேயுவுக்கு வரம் இருந்துச்சு, அப்படியும் அத அனல்மூட்டி எழுப்பிவிடச் சொல்லித்தான் பவுல் எழுதுறாரு. சண்டே ஸ்கூல் டீச்சருன்னா சனிக்கிழமை சாயங்காலமே பாடத்தப் படிச்சு, கதைய வீட்டுப் பிள்ளைங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க, அதுங்க முகத்தப் பாத்தாலே எங்க போரடிக்குதுன்னு தெரிஞ்சிரும். பாடுறவங்க சுருதி பழகணும், பழைய கீர்த்தனைகள ராகத்தோட தெரிஞ்ச தாத்தா பாட்டிங்க இன்னும் இருக்கிறப்பவே போய் மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிக் கத்துக்கங்க. ஆலோசனை சொல்ற வரம் இருக்கிறவங்க மொதல்ல வாய மூடக் கத்துக்கணும், ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டு ஜெபக்குறிப்பா மாறுச்சுன்னா அப்புறம் யாரும் உங்ககிட்ட மனசு தெறக்கமாட்டாங்க. வேதம் வாசிக்கிறவங்க மொத நாளே சத்தமா வாசிச்சுப் பாக்கணும், நெபுகாத்நேச்சார் வர்ற எடத்துல தடுமாறக் கூடாது பாருங்க.

பாஸ்டருங்களுக்கும் கமிட்டியில இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், மரியாதையோடதான் சொல்றேன். மேட்டூர்ல தண்ணி தெறந்தா மட்டும் போதாது, மொறை வச்சு மதகு தெறந்தாத்தான் கடைமடைக்கு வந்து சேரும், தலைமடைக்காரங்களே நிறுத்திக்கிட்டா கடைசி வயலு காயுது. சபையிலயும் எல்லாப் பொறுப்பும் நாலு குடும்பத்துக்குள்ளயே சுத்துது. இதுல சாதியும் இருக்கு, ஒளிச்சுப் பேசுறதுல பிரயோஜனம் இல்ல. தஞ்சாவூர் ராஜா படையில இருந்த ராஜநாயக்கன், அச்சான சுவிசேஷத்த வாசிச்சு விசுவாசத்துக்கு வந்து, தஞ்சாவூர் பக்கம் உபதேசியாரா அவ்வளவு ஊழியம் பண்ணாரு. குருப்பட்டம்னு பேச்சு வந்தப்ப அவரோட சாதியக் காரணம் காட்டி ஒதுக்கிட்டாங்க, 1733ல ஆரோன்தான் முதல் தமிழ் புராட்டஸ்டன்ட் குருவானாரு. ஆரோன் தகுதியானவர்தான், அதுல சந்தேகமில்ல, ஆனா ராஜநாயக்கனோட வரத்த ஆவியானவர் குடுக்கும்போது எந்தத் தெருன்னு பாக்கலையே. இன்னைக்கு உங்க சபையில வேதம் வாசிக்கிறவங்க, காணிக்கை எடுக்கிறவங்க, கமிட்டியில நிக்கிறவங்க லிஸ்ட எடுத்து, எந்தெந்தத் தெருவுலருந்து யாருமே இல்லன்னு பாருங்க. அங்கருந்து தொடங்குங்க. பொம்பளைங்களுக்கும் சமையலும் பெருக்குறதும் மட்டும்னு வச்சிறாதீங்க, அப்பொல்லோ மாதிரி வேதத்துல வல்லவனா இருந்தவனுக்கே தேவ வழியத் திருத்தமா விவரிச்சுச் சொன்னதுல பிரிஸ்கில்லாளும் இருக்கா.

ஒரு நாள் ஆராதனைக்கு அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு குடுத்து, என்ன தொழில் தெரியும், எதச் செய்யப் பிடிக்கும், எந்தக் கிழமை நேரம் இருக்கும்னு எழுதி வாங்குங்க, எழுதத் தெரியாதவங்ககிட்ட பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதுங்க. வாங்கிட்டு பீரோவுல பூட்டி வைக்காம ஒரு மாசத்துக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்ன வேலையாவது குடுத்திருங்க, குடுக்கலன்னா அடுத்த தடவை யாரும் எழுதமாட்டாங்க. வீட்ட விட்டு நடமாட முடியாத பெரியவங்களையும் விட்றாதீங்க, ஜெபக்குறிப்பு லிஸ்ட வாராவாரம் அவங்க கைக்குக் கொண்டு போய்க் குடுங்க, போன்ல ரெண்டு பேருக்கு ஆறுதல் சொல்லச் சொல்லுங்க.

ஏற்கனவே ரொம்ப வருஷமா பொறுப்புல இருக்கிற அண்ணன்மாருங்க அக்காமாருங்க கூட ஒரு ஆளச் சேத்துக்கங்க. பர்னபா தர்சுவுக்குத் தேடிப் போய்த்தானே சவுல, அதான் நம்ம பவுல, கூட்டிட்டு வந்தாரு. மொதல் மாசம் அந்த ஆள் பாக்கட்டும், அடுத்த மாசம் கூட செய்யட்டும், மூணாவது மாசம் அவங்க செய்ய நீங்க பாருங்க, அப்புறம் சாவிய அவங்ககிட்டயே விட்டுருங்க, சின்னத் தப்புக்கெல்லாம் திரும்ப வாங்கிக்காதீங்க. எதையும் மனசுலயே வச்சிருக்காம எழுதி வைங்க, பந்தல்காரர் யாரு, எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் எங்க பாப்பாங்க, எந்த வீட்டுப் பாட்டிக்கு நற்கருணைய வீட்டுக்கே கொண்டு போகணும்.

கடைசியா திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய்னு வேலைக்குக் கெளம்புற தம்பி தங்கச்சிங்களுக்கு. ஊர்ல கேரலுக்கு கிடார் வாசிச்சதும் வி.பி.எஸ்.ல கதை சொன்னதும் ஊரோட முடிஞ்சு போகக் கூடாது. போற எடத்துல பெரிய சபையில கூட்டத்தோட கூட்டமா வந்துட்டுப் போறது சுலபம், வருஷம் போறதே தெரியாது. கெளம்புறதுக்கு முன்னாடி உங்க பாஸ்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கங்க, இந்தத் தம்பி எங்க சபையில இன்ன வேலை செஞ்சாருன்னு. போய்ச் சேர்ந்த முதல் மாசத்துலயே அங்க உள்ள பாஸ்டரப் பாத்து அந்த லெட்டரக் குடுத்து, எனக்கு இது தெரியும், எந்த ஷிஃப்ட்ல வேலை, எந்த நாள் வர முடியும்னு சொல்லிருங்க.